மாட்டுக்குக் குளிருது

வேலந்தாவளம்
9 பிப்ரவரி 2025

தங்கதுரை அவர்களுக்கு,

‘அவர்களுக்கு’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. படப்பிடிப்பில் உங்களை ‘ஹீரோ’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். படக் குழுவின் வாட்ஸப்பிலிருந்தும் போய்விட்டீர்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன். விலாசம் 2020இல் நீங்கள் கொடுத்ததுதான்: சூரியநெல்லி, கீழ் டிவிஷன், ஏழாம் லயம்.

ட்ரெய்லர் பார்த்துத்தான் கோபம் என்று புரிகிறது. என் பக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த ஒரே படம் ‘மாட்டுக்குக் குளிருது’. அது ஐந்து வருடமாக என் அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க்காகக் கிடந்தது. முப்பது நாள் எடுக்க வேண்டியதில் இருபத்தாறு நாள் எடுத்திருந்தோம். லாக்டவுன் வந்தது. கதாநாயகி நிமி நர்ஸ் வேலை கிடைத்து அயர்லாந்து போய்விட்டாள். மிச்ச நான்கு நாள் வரவே இல்லை.

எத்தனை பேரிடம் கதை சொல்லியிருப்பேன். சூரியநெல்லி ஜீப் டிரைவர் ஒருவன் வேலந்தாவளம் சந்தையில் அம்மாவுக்கு ஒரு மாடு வாங்குகிறான். மலைக் குளிர் மாட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் மாட்டுக்குச் சான்று எழுதிக் கொடுத்த மிருகாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பெண்ணுக்குத் தினமும் போன் போடுகிறான். மாடு தேறுவதற்குள் இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். பத்து நிமிடம் போட்டுக் காட்டினால், “நல்லா இருக்கு, ஆனா இது எந்த ஊர்த் தமிழ்?” என்பார்கள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுதான் ஆன்லைனில் வெளியிடுகிறேன் என்றது. எல்லோருடைய குரலையும் மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நிமி பேசுவது பாதி மலையாளம், நான் எழுதியது எங்கள் கொங்குப் பேச்சு, நீங்கள் பேசுவது எஸ்டேட் தமிழ், பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் என்றார்கள். யோசிக்க இரண்டு நாள் கேட்டேன். இரண்டாம் நாள் சரி என்றேன். படம் எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

உங்களிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அது தப்பு. ஆனால் குரல் மாறினாலும் முகம் உங்களுடையது. நடையும் சிரிப்பும் உங்களுடையது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார்.

செல்வப்பிரியா


சூரியநெல்லி
20 பிப்ரவரி 2025

செல்வப்பிரியா அவர்களுக்கு,

கடிதம் வந்தது.

ட்ரெய்லரை நான் தேடிப் பார்க்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் சுடலை அண்ணன்தான் போனைக் கொண்டுவந்தார். “உன் படம் வந்திருச்சுடே” என்று எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். என் வாய் அசைந்தது. வேறொருவன் பேசினான். நல்ல குரல்தான், செய்தி வாசிக்கிற மாதிரி. சுடலை அண்ணன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மெதுவாகச் சத்தத்தைக் குறைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். அடுத்து அம்மா வந்தாள். படத்திலும் எனக்கு அம்மாவாகவே நடித்தவள், மாட்டுக்குச் சாக்குப் போர்த்திவிட்டுத் திரும்பி ஒரு வசனம் சொல்வாளே, அது. நீங்கள் எழுதியதல்ல, அவளாகவே பேசியது. “மாட்டுக்குக் குளிருதுன்னு தெனம் போன் போடுதான். நாப்பது வருசமா இந்த மலையில எனக்குந்தான் குளிருது. எனக்கு எவனும் போன் போடல.” அன்றைக்கு நீங்கள் கட் சொல்ல மறந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ட்ரெய்லரில் அதை யாரோ ஒரு அம்மாள் சினிமாக் கிராமத்துக் குரலில் இழுத்து இழுத்துச் சொல்கிறாள். முன்னால் ‘அய்யோ சாமி’ என்று வேறு சேர்த்திருக்கிறார்கள். என் அம்மா பூமாரி தன் ஆயுளில் அய்யோ சாமி என்று சொன்னதில்லை.

முகம் இருக்கிறதே என்கிறீர்கள். என்னிடம் அவளுடைய போட்டோ நான்கு இருக்கிறது. குரல் ஒன்றுகூட இல்லை. தினமும் பேசுகிறவளை யார் பதிவு செய்து வைப்பார்கள்? அவள் குரல் இருந்த ஒரே இடம் உங்கள் படம்.

2022 ஏப்ரலில் அவள் போனபோது நீங்கள் வரவில்லை. உங்கள் அப்பா வந்தார். அர்த்தநாரி ஐயா பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மூணாறு என்று பஸ் மாறி மாறிப் பதினாறாம் நாளுக்கு வந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பெரிய திரையில் உங்களைக் காட்டுகிறேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன நீங்கள் இரண்டு வரி மெசேஜ் அனுப்பினீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

தங்கதுரை


வேலந்தாவளம்
3 மார்ச் 2025

தங்கதுரைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பார்சலோடு வரும் சீட்டு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அம்மா நடித்த நாளின் முழுச் சத்தமும் அதில் உண்டு. நமக்கு சவுண்டு எடுத்த மௌனிகா பழைய டிஸ்க்குகளில் தேடி எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் கம்பளிக்குள் அவள் ஒரு சின்ன மைக்கைக் குத்தி வைத்தாள், நினைவிருக்கிறதா? அம்மா அதைக் கழற்ற விடவே இல்லை. அதோடேயே மத்தியானம் வரை மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது என்கிறாள் மௌனிகா. நான் எதையும் வெட்டவில்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை. தைரியம் வரவில்லை.

அம்மா போனபோது ஏன் வரவில்லை என்று கேட்காமலேயே கேட்டிருக்கிறீர்கள். அப்போது ஹைதராபாத்தில் ஒரு விளம்பரப் படத்தில் உதவி டைரக்டராக இருந்தேன். லீவு கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. படத்தை முடிக்காமல் அந்த லயத்துக்குள் எந்த முகத்தோடு வருவது என்று இருந்தது. செய்தி கேட்டதும் அழுதேன். அதற்கு முன்னால் ஒரு நொடி, ‘இன்னும் ஆகலைங்கம்மா’ என்று இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னை மலையேற விடவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, என்னை பிளாக் செய்த நீங்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரோடு அரை மணி நேரம் பேசுகிறீர்கள் என்று. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். “அவங்கிட்ட நான் மாட்டைப் பத்தித்தான் பேசறேன். உங்க சினிமாச் சண்டையில என்னைய இழுக்காத” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

நம் படத்து மாடு செம்பருத்தியை நான் மறந்தே போயிருந்தேன். 2020 மார்ச் இருபத்திரண்டாம் தேதி, பத்து நாளில் திரும்பிவிடுவோம் என்று மாட்டை உங்கள் வீட்டில் கட்டிவிட்டு இறங்கினோம். சின்னாறு செக்போஸ்ட்டை அடைத்துவிட்டார்கள். மலைக் குளிரில் சமவெளி மாட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்கள் போன் போட்டுக் கேட்க, அப்பா சொல்லச் சொல்ல அம்மா செய்திருக்கிறார். நான் எழுதிய கதையை நீங்களும் என் அப்பாவும் நிஜமாகவே நடத்திக்கொண்டிருந்திருக்கிறீர்கள். காதல் ஒன்றுதான் குறை.

சிரிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் சிரித்தால் சந்தோஷம்.

பிரியா


சூரியநெல்லி
19 மார்ச் 2025

டைரக்டருக்கு,

பென் டிரைவைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. ஜீப்பில்தான் கேட்டேன். பாக்டரிக்கு மேலே உள்ள வளைவில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சத்தத்தை வைத்தேன். டூரிஸ்டுகளுக்குக் குத்துப்பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரில் அம்மா இருமினாள். பிறகு “எலே தொர, அந்த வாளிய எடு” என்றாள். நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்களெல்லாம் கேட்க வேண்டும் என்றார்கள். லயத்து வாசலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். அம்மா மாட்டிடம் எஸ்டேட் மானேஜரைப் பற்றிச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒருவரை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். மூன்று முறை போடச் சொன்னார்கள்.

ஒரு திருத்தம். அவள் மாட்டைக் குளிப்பாட்டவில்லை. அந்தக் குளிரில் யாராவது மாட்டைக் குளிப்பாட்டுவார்களா? வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துத்தான் விட்டாள். மாட்டுப் படம் எடுத்தவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து அந்த நாட்கள்தான் ஞாபகம். மூடுபனி விலகுவதற்காகக் காலையிலிருந்து காத்திருப்போம். விலகியதும் நீங்கள் ஆக்‌ஷன் சொல்வதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். கேமராவை என் ஜீப் பானெட்டில் கட்டி, நான் ஆள் ஓடுகிற வேகத்தில் உருட்ட, நீங்கள் பின்னால் கூடவே ஓடிவருவீர்கள். நிமி அட்டை கடித்ததைப் பார்த்து மயங்கி விழுந்தாள், நர்ஸ் படித்தவள். போனில் பேசும்போது அவள் எதிரில் நிற்பதாக நினைக்கிற காட்சியில், என்னால் ‘உங்க குரல் கேக்காட்டி எனக்குத்தான் ஒத்துக்கல’ என்ற வசனத்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை. பன்னிரண்டு டேக். எனக்கு இருபத்தொன்பது முடிந்து முப்பது. பனியில் நின்று ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லப் பழகியது ஒன்றுதான் அந்த வருடம் நான் செய்த வேலை என்று தோன்றும்.

அந்தப் பதிவில் இன்னொரு பேச்சும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

செம்பருத்திக்கு மூன்று ஈத்து ஆகிவிட்டது. இது உங்கள் அப்பாவுக்குத் தெரியும்.

படத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

தங்கதுரை


வேலந்தாவளம்
10 ஏப்ரல் 2025

தங்கதுரைக்கு,

சென்னை போய், படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ட்ரெய்லரை எடுத்துவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. வருத்தமாகத்தான் கேட்டார், இந்தப் பாஷையில் யார் மேடம் பார்ப்பார்கள் என்று. பேசறவங்க பார்ப்பாங்க என்றேன். லிப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. இந்தப் படத்தை வெளியிட எனக்கு வேறு ஆள் கிடையாது. அப்பாவிடம் சொன்னேன். “நீ எடுத்தது, நீயே வெச்சுக்க” என்றார்.

அம்மாவின் குரலை இருந்தபடியே வைத்துவிட்டேன். ‘அய்யோ சாமி’ போய்விட்டது.

உங்கள் குரலில்தான் சிக்கல். பாதிக் காட்சி ஜீப்பில். என்ஜின் சத்தத்தில் நீங்கள் பேசியது எதுவும் எடுபடவில்லை. நீங்களே வந்து உங்களுக்குப் பேச வேண்டும். கோயம்புத்தூரில் மௌனிகாவுக்குத் தெரிந்த ஸ்டுடியோ இருக்கிறது. மூன்று நாள் போதும். நிமி அங்கிருந்தே பேசி அனுப்பிவிட்டாள். வருவீர்களா?

பிரியா


சூரியநெல்லி
24 ஏப்ரல் 2025

டைரக்டருக்கு,

இப்போது சீசன். விடிவதற்கு முன்னால் கொழுக்குமலைக்கு வண்டி எடுத்தால் மத்தியானம்தான் இறக்குகிறேன். ஜூனில் மழை பிடித்ததும் வருகிறேன்.

ஒரு நிபந்தனை. நான் பேசுகிற சொல்லை யாரும் திருத்தக் கூடாது. நீங்களும்.

தங்கதுரை


வேலந்தாவளம்
22 ஜூன் 2025

தங்கதுரைக்கு,

மூன்றாம் நாள் மத்தியானம் சொல்லாமல் போய்விட்டீர்கள். போன் செய்யலாம்தான், இப்போது பிளாக் இல்லை. ஆனால் இதைப் போனில் சொல்ல வாய் வராது.

முதல் இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றீர்கள். ஒரு வரிகூட வாய்க்கு ஒட்டவில்லை. “கையில ஸ்டியரிங் இல்லாம எனக்குப் பேச்சு வராது” என்றீர்கள். மௌனிகா கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து, முழுப் படத்தையும் பேசிவிட்டீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஐந்து வருடம் போனதே தெரியவில்லை.

பிறகு மூன்றாம் நாள். அப்பாதான் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தார். பெரியப்பா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. நான் உள்ளே மோர் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது காதில் விழுந்தது. “தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” நீங்கள் சொன்னதும் விழுந்தது. “ஜீப் ஓட்டுத ஆளுங்கய்யா.”

அவர் எதைக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் வெளியே வந்திருக்க வேண்டும். மோர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். வெளியே வந்தபோது உங்கள் இலை மடித்திருந்தது. கேட் திறந்திருந்தது.

மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு டேக்கில் நீங்கள் நிமியைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கம் பார்த்துப் பேசுகிறீர்கள். சென்னையில் அதைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். லென்ஸ் கோளாறு என்று சொல்லிவிட்டேன். இடது பக்கம் நின்றது நான். எனக்கு அன்றைக்கே தெரியும். முதல் டேக்கே நன்றாக இருந்தது. மற்ற பதினொன்றையும் எனக்காகக் கேட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டும் அடுப்படியில் நின்றேன் பாருங்கள், அதற்குத்தான் மன்னிப்பு.

பிரியா


சூரியநெல்லி
9 ஜூலை 2025

பிரியாவுக்கு,

மழையில் தபால்காரர் மூன்று நாள் வரவில்லை. கடிதம் நனைந்து வந்தது. கடைசிப் பத்தி மட்டும் நனையவில்லை.

உங்கள் பெரியப்பா கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மலையிறங்கிப் போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது. என்னைக் கஷ்டப்படுத்தியது உங்கள் அப்பாதான். என் வீட்டில், என் அம்மாவின் பதினாறாம் நாள், பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு அப்பளத்தை ஒடித்துப் போட்டவர் அவர். உங்கள் வீட்டில் அன்றைக்குத் தலையைக் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை.

சொல்ல மாட்டேன் என்ற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பதிவில், நீங்கள் கட் சொன்ன பிறகும் மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறீர்கள். மாடு மணியாட்டுகிறது. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏ பிள்ள, உனக்குக் கலியாணம் பண்ணுத யோசன இல்லயா?”

“ஊட்ல பாக்கறாங்கம்மா. நாந்தான் புடிகொடுக்கலீங்க.”

“எம் மவனப் பத்தி என்ன நெனைக்க?”

இங்கே ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் என்று முதல்முறை நினைத்தேன். பிறகு உங்கள் குரல்.

“நெனைக்கறதுக்குப் பயமா இருக்குதுங்கம்மா.”

“யாரப் பாத்துப் பயம்? உங்கய்யாவயா?”

“என்னையப் பாத்துத்தானுங்க. மொதல்ல படம் முடியட்டுங்க.”

அதற்கு அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு மட்டும் விடுகிறாள். என்னிடமும் சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெண்களுக்குப் போட்டுக் காட்டிய நாளில் அந்த இடம் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். அது ஊருக்கு அல்ல.

நான் எதையும் கேட்கவில்லை. பயம் எனக்கும் உண்டு, உங்களுக்காகவும் சேர்த்து. படம் முடிந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கதுரை


வேலந்தாவளம்
6 செப்டம்பர் 2025

தங்கதுரைக்கு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியபோது படம் முடியவில்லை, முடிவு இல்லாமல் இருந்தது. திரைக்கதைப்படி நிமி மலையேறி வந்து உங்கள் லயத்து வாசலில் நிற்க வேண்டும். அதை எடுக்கவே இல்லை. எடிட் செய்யும்போது, கேமராவைத் தவறுதலாக அணைக்காமல் விட்ட ஒரு ஷாட் கிடைத்தது. பனிக்குள் செம்பருத்தி தானாக நடந்து போகிறது, கொஞ்ச தூரத்தில் நீங்கள் அதைப் பிடிக்க ஓடுகிறீர்கள். அதன் மேல் நிமியின் குரலைப் போட்டிருக்கிறேன். பஸ் ஏறிவிட்டேன், உடுமலைப்பேட்டை தாண்டியாயிற்று என்று சொல்கிறாள். அவ்வளவுதான். வந்து சேர்ந்தாளா என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் சூரியநெல்லியில்தான் போட வேண்டும். அக்டோபர் 12 ஞாயிறு மத்தியானம் உங்கள் யூனியன் ஹால் கிடைக்குமா என்று கேளுங்கள். புரொஜெக்டரும் திரையும் நான் கொண்டுவருகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மற்றதை அங்கே வந்து சொல்கிறேன்.

பிரியா


சூரியநெல்லி
16 அக்டோபர் 2025

பிரியாவுக்கு,

நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஹாலில் அத்தனை பேர். மறுநாள் காலை பஸ்ஸுக்கும் பாதி லயம் வந்து நின்றது. அவர்கள் நடுவில் என்ன பேச முடியும்?

நீங்கள் புரொஜெக்டர் பக்கத்திலேயே இருந்ததால் பல விஷயங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜன்னலுக்குக் கட்டிய தார்ப்பாயைக் காற்று தூக்கியபோதெல்லாம் சுடலை அண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் பாதிப் படம்தான் பார்த்தார். தகரக் கூரையில் மழை அடித்துச் சத்தம் கேட்காமல் போனபோது, முன்வரிசைப் பெண்கள் அம்மாவின் வசனத்தைப் பின்வரிசைக்குச் சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் முழுதாக உட்காரவில்லை. அம்மா திரும்பி “எனக்குந்தான் குளிருது” என்றதும் ஹால் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு, நாற்பது வருடம் குளிரில் நின்ற பெண்கள்தானே எல்லோரும், ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் யாரோ “ஏ பூமாரி” என்று வாசலில் நிற்பவளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் அப்பாவும் வந்தார். கூரைக்கடியில் இரண்டு பேரும் நின்றோம். ஜூனுக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கு நான் பேசியிருக்கோணுங்க” என்றார். என்னைவிட முப்பது வயது பெரியவர். என்னிடம் ‘ங்க’ போட்டுச் சொன்னார். அவர் தோள்துண்டு நனைந்துகொண்டிருந்தது, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னேன்.

இப்போது எனக்கு ஒரு தொந்தரவு. ஸ்டாண்டிலும் கடையிலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலும் ஒரே கேள்வி. அந்தப் பிள்ளை பஸ் ஏறினாளே, வந்து சேந்தாளா இல்லையா? மாடு கிடைத்ததா என்றுகூட யாரும் கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஹீரோவுக்கே தெரியாத படமா என்று கேட்கிறார்கள்.

தங்கதுரை


வேலந்தாவளம்
2 நவம்பர் 2025

அன்புள்ள தங்கதுரைக்கு,

திரும்பி வரும்போது சின்னாறுக் காட்டில் யானை நின்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். எல்லோரும் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன், உங்களிடம்கூட இன்னும் சொல்லவில்லை, முதலில் அவரிடம்தான் சொல்கிறேன் என்று. யானை போய், உடுமலைப்பேட்டை போய், வீடு வந்து சேர்ந்தும் அவர் பேசவில்லை. என் அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வைக்கிறாள்.

நான்காம் நாள் தோப்பில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தோம். அப்பா தானாக ஆரம்பித்தார்.

“உங்க பெரியப்பன் இனி என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன், அம்முணி. ஒருக்கா வாய மூடுனதே போதும். ஆனா எனக்குச் சந்தோசம்னு சொல்லச் சொல்லாத. அதுக்கு நாளாகும்.”

நாள் ஆகட்டுங்கப்பா என்றேன். அதற்குப் பிறகு பெரியப்பா வந்து போய்விட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. போகும்போது என்னைப் பார்க்காமல் போனார். எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனை வீடு இப்படி முகத்தைத் திருப்பும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்த பிறகும் என் மனசு மாறவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டே வருகிறேன்.

கேட்பது நானாக இருக்கட்டும். தங்கதுரை, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா?

சரி என்றால், உங்கள் பக்கத்து சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கி வையுங்கள். விசாரித்துவிட்டேன். நம் பெயர்களை எழுதி முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்களாம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று. வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கட்டும். அதில் பெயர், வயது, விலாசத்தோடு தொழில் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை வருடமாக எந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தாலும் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போவேன். இந்த முறை டைரக்டர் என்று எழுதப் போகிறேன்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்.

பிரியா